அடுப்புக்கு அடங்காத நஞ்சு

ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலையை மென்றுகொண்டிருக்கிறீர்கள். திடீரென்று ஒன்று கசக்கிறது. முகத்தைச் சுளித்து அதைத் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு அடுத்ததை எடுக்கிறீர்கள். இந்த அனுபவம் இல்லாதவர்கள் நம்மில் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள்.

இப்பொழுது இன்னொரு காட்சி. அதே கடலையை வறுத்து, கேழ்வரகு, கம்பு, மக்காச்சோளம், பொட்டுக்கடலை ஆகியவற்றுடன் சேர்த்து அரைத்துச் சத்துமாவாக்குகிறோம். அதில் கஞ்சி காய்ச்சி, வெல்லம் கலந்து, எட்டு மாதக் குழந்தைக்கு ஊட்டுகிறோம். கசந்த அந்த ஒரு கடலை இப்பொழுது எங்கே? மாவோடு மாவாகக் கலந்துவிட்டது. வெல்லத்தின் இனிப்பில் அதன் கசப்பு தெரியாது. தெரிந்தாலும் ஏன் வேண்டாம் என்று சொல்லக் குழந்தைக்கு வாய் வராது.

என் மகளுக்குச் சத்துமாவு அரைப்பதற்காக ஒரு நாள் என் அம்மா முறத்தில் கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். முழுப் பருப்பு ஒரு பக்கம். சுருங்கியது, உடைந்தது, நிறம் மாறியது இன்னொரு பக்கம். முழுப் பருப்பை டப்பாவில் கொட்டிவிட்டு மற்றதை வறுக்க எடுத்தார். "அதை ஏம்மா எடுக்கறீங்க?" என்று கேட்டேன். "மாவாத்தானேப்பா அரைக்கப் போறோம், அதுக்கு நல்ல கடலை எதுக்கு? வறுத்தா எல்லாம் சரியாப் போயிடும்" என்றார்.

சிக்கனமாகக் குடும்பம் நடத்திய எந்தத் தாயும் சொல்லக்கூடியதுதான் இது. ஆனால், இந்தச் சொற்களுக்குள் இரண்டு தவறுகள் இருக்கின்றன. அரைத்துவிட்டால் கெட்டது தெரியாமல் போகும் என்பது உண்மை; ஆனால் அது இல்லாமல் போவதில்லை. வறுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதோ உண்மையே அன்று. ஏன் என்பதைப் பார்ப்போம்.

வான்கோழிகள் தந்த எச்சரிக்கை

1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வான்கோழிப் பண்ணைகளில் குஞ்சுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் இறந்தன. நோய்க்கிருமி எதுவும் அகப்படவில்லை. காரணம் புரியாததால் அதற்கு 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயரிட்டார்கள். கணக்கில் தெரியாத எண்ணை எக்ஸ் என்று குறிப்போம் அல்லவா, அதுபோல!

துப்புத் துலக்கியபோது எல்லாத் தடயங்களும் தீவனத்தையே சுட்டின. பிரேசில் நாட்டிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கு அதில் கலந்திருந்தது. அந்தப் பிண்ணாக்கில் ஒரு பூசணம் வளர்ந்திருந்ததற்கான அடையாளங்கள் இருந்தன. ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்பது அதன் பெயர். ஃப்ளேவஸ் என்றால் இலத்தீன் மொழியில் மஞ்சள் என்று பொருள். மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் தூள் படிந்ததுபோல் வளரும் இதை நீங்களும் பழைய கடலையிலோ மக்காச்சோளத்திலோ பார்த்திருக்கக்கூடும். இப்பூசணத்தின் பெயரிலிருந்து சில எழுத்துகளை எடுத்து, நஞ்சு என்று பொருள்படும் 'டாக்சின்' என்ற சொல்லோடு சேர்த்து, அது சுரக்கும் நஞ்சுக்கு 'அஃப்ளாடாக்சின்' என்று பெயர் வைத்தார்கள்.

நீலமும் பச்சையும்

கண்ணுக்குத் தெரியாத இந்த நஞ்சைக் காட்டிக்கொடுத்தது ஒளி. நம் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியை மட்டுமே காணும். 365 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் நமக்குத் தெரியாது. ஆனால் அஃப்ளாடாக்சின் மூலக்கூறு அந்தக் கதிரை உறிஞ்சிக்கொள்கிறது. பெற்ற ஆற்றலில் ஒரு பகுதியை அதிர்வாக இழந்து, மிச்சத்தை ஒளியாக வெளியிடுகிறது. ஆற்றல் குறைந்தால் அலைநீளம் கூடும். ஆகவே வெளிவரும் ஒளி நம் கண்ணுக்குத் தெரியும் பகுதிக்குள் வந்துவிடுகிறது. உங்கள் பள்ளியிலுள்ள குழல் விளக்கில் நடப்பதும் இதுதான்: உள்ளே பாதரச ஆவி தரும் புற ஊதாக் கதிரைக் குழலின் வெண்பூச்சு வாங்கி வெண்ணிற ஒளியாகத் தருகிறது.

கடலையிலிருந்து பிரித்தெடுத்த கரைசலைக் கண்ணாடித் தகட்டின்மேல் பூசிய மெல்லிய பொடிப்படலத்தில் ஊறவிட்டால், அதிலுள்ள பொருள்கள் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரியும். அதன்மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சியபோது சில புள்ளிகள் நீலமாகவும் சில பச்சையாகவும் ஒளிர்ந்தன. நீலத்தையும் பச்சையையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைக் கொண்டு பி-1, பி-2, ஜி-1, ஜி-2 என்று அவற்றுக்குப் பெயரிட்டனர். இவற்றுள் பி-1 என்பதே மிகக் கொடியது.

"அப்படியானால் ஒரு புற ஊதா விளக்கை வாங்கி வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாமே!" என்று நீங்கள் எண்ணலாம். அது கூடாது. ஒளிர்வதெல்லாம் அஃப்ளாடாக்சின் அன்று; சலவைத்தூளில் துவைத்த வேட்டிகூட அந்த விளக்கின்கீழ் ஒளிரும். நஞ்சின் அளவை உறுதியாகச் சொல்ல ஆய்வுக்கூடம் தேவை.

வறுத்தால் போகுமா?

பாலைக் காய்ச்சுகிறோம், கிருமிகள் மடிகின்றன. நீரைக் கொதிக்கவைக்கிறோம், பயமின்றிக் குடிக்கிறோம். அடுப்பின்மேல் நமக்குள்ள நம்பிக்கை இப்படி வளர்ந்ததுதான். அது பெரும்பாலும் சரியான நம்பிக்கையும்கூட. ஆனால் கிருமி ஓர் உயிர். அஃப்ளாடாக்சின் உயிரன்று, ஒரு வேதிப்பொருள்.

கடலையை வறுக்கும்போது பூசணம் செத்துவிடுகிறது. அது ஏற்கெனவே சுரந்துவைத்த நஞ்சு அப்படியே இருக்கிறது. பேனாவை உடைத்துப் போட்டால் எழுதிய எழுத்து அழிந்துவிடுமா? அதைப்போலத்தான். பி-1 மூலக்கூறில் கார்பன் அணுக்கள் 17, ஹைட்ரஜன் அணுக்கள் 12, ஆக்சிஜன் அணுக்கள் 6 இருக்கின்றன. வளையங்களாகப் பின்னிக்கொண்ட கட்டுக்கோப்பான மூலக்கூறு அது. ஏறத்தாழ 268 டிகிரி செல்சியஸில்தான் அது உருகிச் சிதைகிறது. கொதிக்கும் கஞ்சியின் வெப்பநிலை 100 டிகிரி. பிரஷர் குக்கருக்குள் சுமார் 120 டிகிரி. இரண்டும் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. நன்றாக வறுப்பதால் ஓரளவு குறையும். ஆனால் கருகாமல் வறுத்த கடலையில் ஒரு பகுதி மிஞ்சியே இருக்கும். சமைத்தோம், ஆகவே பயமில்லை என்று சொல்ல முடியாது.

1974: இரண்டு மாவட்டங்கள்

கோழிகளுக்கு நேர்ந்தது மனிதருக்கு நேராது என்று நம்பியிருந்தவர்களுக்கு 1974ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நம் நாட்டிலேயே விடை கிடைத்தது. குஜராத்தின் பஞ்சமகால், இராஜஸ்தானின் பான்ஸ்வாரா மாவட்டங்களில் மக்களுக்கு மஞ்சள் காமாலையும், வயிற்றில் நீர் கோத்து வீங்குவதும் பரவலாகக் கண்டன. அதே வீடுகளின் நாய்களும் நோயுற்றன. ஹைதராபாத்திலுள்ள தேசிய உணவூட்ட நிறுவனத்தின் விஞ்ஞானிகள் ஆராய்ந்தனர். நோயுற்றோராகக் கணக்கிடப்பட்ட 397 பேரில் 106 பேர் இறந்துவிட்டனர்.

அம்மக்களின் அன்றாட உணவு மக்காச்சோளம். அறுவடையை ஒட்டிப் பருவந்தவறிப் பெய்த மழையில் கதிர்கள் நனைந்து, சரியாக உலராமலே சேமிப்புக்குப் போயின. அந்தச் சோளத்தில் ஒரு கிலோவுக்கு 6 மில்லிகிராம் முதல் 15 மில்லிகிராம் வரை அஃப்ளாடாக்சின் இருந்தது. நாளொன்றுக்குச் சில மில்லிகிராம் நஞ்சு, ஒரு நாளன்று, வாரக்கணக்கில் உள்ளே போயிற்று. 2004இல் ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டில் இதே கதை மீண்டும் நிகழ்ந்து 317 பேர் நோயுற்றார்கள். 125 பேர் இறந்தார்கள். அங்கும் காரணம் ஈரம் பட்ட மக்காச்சோளமே.

இத்தகைய கொடிய நிகழ்ச்சிகள் அரியவை. சிறிது சிறிதாக, ஆண்டுக்கணக்கில் உடலில் சேரும் நஞ்சே பரவலானது. கல்லீரல் இந்த நஞ்சை வெளியேற்ற முயலும்போது அதை வேறொரு பொருளாக மாற்றுகிறது. அப்பொருள் உயிரணுவின் மரபுப்பொருளில் ஒட்டிக்கொண்டு பிழையை உண்டாக்குகிறது. நாளடைவில் அது கல்லீரல் புற்றுநோயில் முடியலாம். உலக நல நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அஃப்ளாடாக்சின்களை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் முதல் பிரிவில் 1987இல் சேர்த்தது.

குழந்தைக்கு ஏன் கூடுதல் ஆபத்து?

அப்பாவும் ஒரு வயதுக் குழந்தையும் ஆளுக்கு ஒரு கடலை உருண்டை தின்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் எடை 60 கிலோ. குழந்தையின் எடை 10 கிலோ. உருண்டை ஒன்றுதான், நஞ்சும் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு கிலோ உடல் எடைக்கும் அப்பாவுக்குக் கிடைப்பதைப் போல ஆறு மடங்கு குழந்தைக்குக் கிடைக்கிறது. பெரியவர்கள் ஒரு நாளில் பலவகை உணவுகளை உண்கிறோம். குழந்தையோ காலையிலும் மாலையிலும் அதே மாவுக்கஞ்சியைக் குடிக்கிறது. மாவு கெட்டிருந்தால் அதற்கு மாற்று உணவு இல்லை.

மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின், டோகோ நாடுகளில் ஒன்பது மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள 480 குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்து 2002இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அஃப்ளாடாக்சின் உடலில் சென்றதற்கான அடையாளம் அவர்களில் 99 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. தாய்ப்பாலை முற்றிலும் மறந்த குழந்தைகளிடம் அது மிகுதி. வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகளிடமும் அது மிகுதி. பின்னர் பெனினில் 200 குழந்தைகளை எட்டு மாதங்கள் தொடர்ந்து கவனித்தனர். அடையாளம் மிகுதியாயிருந்த கால் பங்குக் குழந்தைகள், குறைவாயிருந்த கால் பங்குக் குழந்தைகளைவிடச் சராசரியாக 1.7 சென்டிமீட்டர் குறைவாகவே வளர்ந்திருந்தனர். குழந்தை வளராததற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. வறுமை, வயிற்றுப்போக்கு, போதாத உணவு எல்லாம் உண்டு. ஆயினும் எட்டு மாதத்தில் 1.7 சென்டிமீட்டர் என்பது அலட்சியப்படுத்தக்கூடிய அளவன்று.

ஐரோப்பிய நாடுகளின் சட்டம் இந்த வேறுபாட்டை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. பெரியவர்கள் நேராக உண்ணும் நிலக்கடலையில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் பி-1 வரை அனுமதிக்கும் அச்சட்டம், கைக்குழந்தைகளுக்கான தானிய உணவில் அனுமதிப்பது 0.1 மைக்ரோகிராம் மட்டுமே. இருபதில் ஒரு பங்கு!

ஒரே ஒரு கடலையின் கணக்கு

இதுவரை படித்தவர்களுக்கு மனம் சோர்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரியாது, நெருப்புக்கும் அடங்காது என்றால் என்னதான் செய்வது? இந்த நஞ்சுக்கு ஒரு பலவீனம் உண்டு. அது சமமாகப் பரவியிருப்பதில்லை. மூட்டையிலுள்ள மிகப் பெரும்பாலான பருப்புகளில் அது இருக்காது. கெட்டுப்போன சிலவற்றில் குவிந்திருக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். மிகவும் கெட்ட ஒற்றைப் பருப்புகளில் கிராமுக்கு ஒரு மில்லிகிராம் அளவுக்குக்கூட அஃப்ளாடாக்சின் கண்டறியப்பட்டிருக்கிறது. ஒரு பருப்பின் எடை அரை கிராம் எனக் கொள்வோம். அப்படியானால் அதிலுள்ள நஞ்சு அரை மில்லிகிராம், அதாவது 500 மைக்ரோகிராம். இந்த ஒரு பருப்பு 10 கிலோ நல்ல பருப்போடு கலந்துவிட்டது. 10 கிலோவில் 20,000 பருப்புகள் இருக்கும். மொத்தத்தையும் அரைத்தால் கிலோவுக்கு 50 மைக்ரோகிராம். பதப்படுத்துவதற்கான நிலக்கடலையில் இருக்கலாம் என்று கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத்தர அமைப்பு வகுத்த எல்லை 15 மைக்ரோகிராம்தான். இருபதாயிரத்தில் ஒன்று, மொத்த மாவையும் எல்லையைப்போல் மும்மடங்குக்கு மேல் கெடுத்துவிட்டது!

இதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். அரைப்பதற்கு முன்னால் அந்த ஒரு பருப்பை எடுத்துப் போட்டிருந்தால் மாவு முழுவதும் தப்பியிருக்கும். நெருப்பால் முடியாதது இரண்டு விரல்களால் முடிகிறது. பொறுக்குவதற்குக் காலம் உண்டு. அது அரைப்பதற்கு முன். அரைத்த பிறகு எந்தச் சல்லடையும் உதவாது.

கினி நாட்டுக் கிராமங்கள்

ஏட்டுக் கணக்கு நாட்டு நடப்பில் பலிக்குமா? மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கினி நாட்டில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். நிலக்கடலை பயிரிட்டு உண்ணும் 20 கிராமங்களைத் தேர்ந்தெடுத்தனர். பத்துக் கிராமங்களில் வழக்கப்படி நடக்க விட்டுவிட்டனர். மற்றப் பத்துக் கிராமங்களில் குடும்பத்தாருக்குச் சில எளிய செயல்களைக் கற்றுக்கொடுத்தனர்.

பூசணம் பிடித்ததையும் உடைந்ததையும் கையால் பொறுக்கி நீக்குவது. வெறுந்தரையில் உலர்த்தாமல் நாரால் பின்னிய பாயில் உலர்த்துவது. காதருகே வைத்துக் குலுக்கிப் பருப்பு தோட்டுக்குள் தாராளமாக ஆடுகிறதா என்று கேட்டு உலர்ச்சியை அறிவது. பிளாஸ்டிக் பைகளுக்குப் பதிலாகச் சணல் சாக்கில் சேமிப்பது. சாக்கைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின்மேல் வைப்பது. அதன் அடியில் தரையில் பூச்சிமருந்து தூவுவது. இவ்வளவுதான். இதில் எந்திரம் எதுவும் இல்லை.

பிறகு 600 பேரின் இரத்தத்தைச் சோதித்தனர். இரத்தத்திலுள்ள ஆல்புமின் என்னும் புரதத்தில் அஃப்ளாடாக்சின் ஒட்டிக்கொள்ளும். முந்தைய வாரங்களில் எவ்வளவு நஞ்சு உள்ளே போயிற்று என்பதை அது காட்டிக்கொடுக்கும். இதை ஒரு மில்லிகிராம் ஆல்புமினுக்கு இத்தனை பிகோகிராம் என்று அளப்பர். பிகோகிராம் என்பது ஒரு கிராமில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. வழக்கப்படி நடந்த கிராமங்களில் அறுவடை முடிந்ததும் 5.5 ஆக இருந்த அளவு ஐந்து மாதத்தில் 18.7 ஆக ஏறிற்று. சேமிப்பில் பூசணம் வளர வளர மக்கள் உடலிலும் நஞ்சு ஏறியது. கற்றுக்கொண்டு நடந்த கிராமங்களில் 7.2 ஆக இருந்தது 8.0 ஆயிற்று, ஏறக்குறைய அசையவே இல்லை. இம்முடிவுகள் 2005இல் வெளியாயின.

அங்கே மாறியது பயிரும் அன்று, வருமானமும் அன்று. அறுவடைக்கும் அடுப்புக்கும் இடையில் குடும்பம் செய்யும் வேலை மாறியது.

ஏழு விழுக்காடு ஏன்?

அவர்களுக்குச் சொல்லித்தந்த ஒவ்வொன்றின் பின்னும் இயற்பியல் இருக்கிறது. காரணம் தெரிந்தால் செய்வது மறக்காது.

பூசணத்துக்கு வேண்டியது நீர். தானியத்தின் இடுக்குகளிலுள்ள காற்றின் ஈரப்பதம் சுமார் 80 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் வளர்வது மிகவும் அரிது. நெல்லும் மக்காச்சோளமும் 13 அல்லது 14 விழுக்காடு ஈரம் வரை உலர்ந்தால் போதும். நிலக்கடலைப் பருப்பையோ 7 விழுக்காட்டுக்கு உலர்த்த வேண்டும் என்கிறார்கள். ஏன் இந்த ஓரவஞ்சனை? நிலக்கடலையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். எண்ணெயில் நீர் தங்காது. ஆகவே உள்ள ஈரம் முழுவதும் மற்றப் பாதியிலேயே தங்கியாக வேண்டும். 7 விழுக்காடு ஈரம் பாதிப் பொருளில் அடைந்தால் அங்கே அது 14 விழுக்காடு ஆகிவிடுகிறதல்லவா? தானியத்தின் எல்லையும் அதுதானே!

தானியம் உலர்ந்ததா என்று பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன்; மாணவர்கள் வீட்டில் செய்து பாருங்கள். உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்குக்கு நெல்லோ மக்காச்சோளமோ போடுங்கள். நன்றாகக் காய்ந்த உப்புத்தூள் இரண்டு மூன்று கரண்டி சேருங்கள். மூடியை இறுக்கி இரண்டு மூன்று நிமிடம் குலுக்கிச் சிறிது நேரம் வையுங்கள். போத்தலின் உட்புறத்தில் உப்பு ஒட்டிக்கொண்டால் ஈரம் 15 விழுக்காட்டுக்கு மேல், சேமிக்கக் கூடாது. ஒட்டாமல் அடியில் உதிர்ந்தால் ஈரம் அதற்குக் கீழே வந்துவிட்டது. இன்னும் ஒரு வெயில் காட்டிச் சேமிக்கலாம். கடலைக்கு, குலுக்கினால் கலகலவென்ற ஓசையும், பருப்பைத் தேய்த்தால் உரியும் சிவப்புத் தோலுமே சாட்சி.

வெயிலில் காய்ந்ததைச் சூட்டோடு சாக்கில் கட்டாதீர்கள். நடுவிலுள்ள சூடான காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு மேலே சென்று, இரவில் குளிர்ந்த மேற்பகுதியில் அதை இறக்கிவைக்கும். பூசணம் அங்கேதான் முதலில் பூக்கும். சிமெண்டுத் தரையிலும் சுவரை ஒட்டியும் சாக்கை வைத்தால் நடப்பதும் இதுவே. பலகையின்மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். சரியாக உலராத கடலையைப் பிளாஸ்டிக் பையில் கட்டுவது பூசணத்துக்குப் பந்தல் போட்டுக் கொடுப்பதாகும். நன்றாக உலர்ந்ததைக் காற்றுப் புகாமல் மூடுவதோ நல்லதே. உயிர்வளி இன்றிப் பூச்சியும் பூசணமும் வளர முடியாது.

ஆடியில் விதைத்த மானாவாரிக் கடலை ஐப்பசியில் பிடுங்கப்படுகிறது. நமக்கு அது அடைமழைக் காலம். பயிரின் கடைசி நாள்களில் வறட்சி கண்டால் பூசணம் மண்ணிலேயே காய்க்குள் புகுந்துவிடுகிறது. அதன்பின் மழையும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை. ஆகையால் கடலை விளைவிக்கும் குடும்பங்கள் அந்த ஆண்டுகளில் மும்மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

நம் வீட்டில் செய்ய வேண்டியவை

சத்துமாவுக்குரிய தானியங்களையும் கடலையையும் முழுதாக வாங்குங்கள். பகல் வெளிச்சத்தில் முறத்தில் பரப்பி, பூசணம் பூத்தது, நிறம் மாறியது, சுருங்கியது, உடைந்தது, வண்டு துளைத்தது ஆகியவற்றை நீக்குங்கள். பூச்சி போட்ட துளை பூசணத்துக்கு வாசல். பார்வைக்கு நல்லதெல்லாம் நஞ்சற்றது என்று உறுதி கூற முடியாதுதான். ஆனால் பெரும்பங்கு நஞ்சு இப்படிப் பொறுக்கியதோடு போய்விடும்.

பொறுக்கி எடுத்ததைச் சட்னிக்கோ, செக்குக்கோ, கோழிக்கோ, மாட்டுக்கோ அனுப்பாதீர்கள். கெட்ட பிண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலில் ஒரே நாளில் எம்-1 என்ற பெயரில் நஞ்சின் ஒரு சிறு பகுதி இறங்கிவிடும்; பாலைக் காய்ச்சினாலும் அது போகாது. தீவனத்தை மாற்றினால் சில நாள்களில் பால் தெளியும். பொறுக்கியதைக் குழிதோண்டிப் புதைப்பதே நல்லது.

மாவைச் சிறிய அளவில் அடிக்கடி அரையுங்கள். உலர்ந்த டப்பாவில் இறுக மூடுங்கள். ஈரக் கரண்டி உள்ளே போக வேண்டாம். பூசண வாடையோ கட்டியோ கண்டால், "கொஞ்சம்தானே" என்று மேலாக நீக்கிவிட்டு மிச்சத்தைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். நாள்தோறும் ஒரே மாவைக் கொடுக்காமல் இட்லி, பருப்புச்சோறு, கேழ்வரகுக் கூழ், பழம் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். சீனாவில் கிடோங் என்னும் பகுதியில் மக்காச்சோளமே உண்டு வந்த மக்கள் 1980களில் அரிசிக்கு மாறினர். அதன் விளைவாக அவர்கள் உடலில் அஃப்ளாடாக்சின் அடையாளம் நாற்பதில் ஒரு பங்காகக் குறைந்தது. கல்லீரல் புற்றுநோய்ச் சாவும் ஏறக்குறையப் பாதியாயிற்று.

தாய் உண்ட நஞ்சில் ஒரு சிறு பகுதி தாய்ப்பாலிலும் வரும் என்பதைக் கேட்டுத் தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள். கெட்ட மாவோடு ஒப்பிட்டால் அது மிகமிகக் குறைவு. பெனின் நாட்டுக் குழந்தைகளைத் தாய்ப்பால் காத்தது என்பதைத்தான் மேலே கண்டோம். தாய்க்கு நல்ல கடலை கொடுப்பதே அதற்கு வழி.

மஞ்சள் காமாலை-பி தடுப்பூசியைப் பிறந்தவுடன் தவறாமல் போட்டுவிடுங்கள். அந்த வைரசும் அஃப்ளாடாக்சினும் ஒன்று சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய் அபாயம் பன்மடங்காகப் பெருகுகிறது என்று ஷாங்காய் நகரில் நடந்த ஆய்வு காட்டியது.

இவ்வளவையும் படித்துவிட்டு நிலக்கடலையையே வேண்டாமென்று தள்ளிவிடவும் வேண்டாம். அதன் எடையில் கால் பங்கு புரதம். ஏழை எளியவர் வாங்கக்கூடிய விலையில் இவ்வளவு புரதம் தரும் பொருள்கள் அதிகமில்லை. பகை பூசணத்தோடுதான், கடலையோடு அன்று.

என் அம்மாவிடம் அந்த இருபதாயிரம் கடலைக் கணக்கைச் சொன்னேன். சிறிது நேரம் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இத்தனை நாளா மாத்தியில்ல செஞ்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, வறுக்க எடுத்ததைக் கொண்டுபோய்க் கொல்லைப்புறத்தில் குழியில் கொட்டினார். டப்பாவைத் திறந்து முழுப் பருப்பை அளந்து எடுத்தார். இப்பொழுது எங்கள் வீட்டில் விற்பனைக்கும் விருந்துக்கும் இல்லாத ஒரு சட்டம் மாவுக்கு உண்டு: நல்லதில் நல்லது குழந்தைக்கு.

பொறுக்கும் பழக்கம் நம் வீடுகளுக்குப் புதிதன்று. முறமும் இருக்கிறது, கையும் இருக்கிறது. பொறுக்கியதில் எது யாருக்கு என்பதை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். அதை உங்கள் வீட்டிலும் அடுத்த வீட்டிலும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.